விளக்கை அணைக்காமல் விட்ட நேரம்

புதுப் புத்தகத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுச் சிலர் சுகமாகக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த வாசனை என் மூக்கில் ஏறினால், நான் கண்ணை அகலத் திறந்து வெளியே போகிற வழி எங்கே என்று தேடுவேன். தீயணைப்புத் துறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. போன மாதம் மகள் குரோம்பேட்டையில் சினிமாவுக்கு அழைத்துப் போனாள். படம் ஆரம்பிப்பதற்கு முன்னால் எழுந்து போய், பக்கவாட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“படம் பாக்க வந்தீங்களா, எக்ஸிட் பாக்க வந்தீங்களாப்பா?” என்றாள்.

“ரெண்டும்தான்” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இந்த வருடம் மேற்குத் தாம்பரம் வாசகர் வட்டத்தின் புத்தகத் திருவிழா பந்தலை விட்டு ஒரு குளிர்சாதன மண்டபத்துக்குள் போயிருக்கிறது. அதற்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால், புதிதாக வந்திருக்கும் நிலைய அலுவலர் எனக்கு போன் செய்தார். என் மகள் வயதுப் பெண். “சார், அந்தப் பந்தல் கேஸ நீங்களே வந்து எங்க ஆளுங்களுக்குச் சொல்லணும். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. ஒருத்தர் நீங்க ஹீரோன்றார், இன்னொருத்தர் உங்களுக்கு மெமோ குடுத்தாங்கன்றார்” என்றார். இரண்டில் ஒன்று உண்மை. மெமோ கொடுத்தார்கள்.

போய்ச் சொன்னேன். வகுப்பில் சொன்னதைவிடக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடினோம், ஏணி ஏறினோம், குழாயை விரித்தோம், சுருட்டினோம், திட்டு வாங்கினோம். நான் வேலையைக் கற்றுக்கொண்டது ரங்கநாதன் சாரிடம். நான் சாதாரணத் தீயணைப்பு வீரனாகச் சேர்ந்தபோது அவர் நிலைய அலுவலர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். உரக்கப் பேச மாட்டார். வேலை செய்கிற இடத்தில் காபி கொடுத்தால் குடிக்க மாட்டார். “நல்லா பண்ணே” என்று அவர் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

கல்யாண மண்டபங்களைச் சோதனை செய்ய அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் தாள்களைப் பார்க்க மாட்டார். நேராகக் கூடத்தின் நடுவில் போய் நிற்பார். கைக்குட்டையால் கண்ணைக் கட்டச் சொல்லுவார். “என்னைச் சுத்தி விடு” என்பார். சுற்றி விட்டுவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவர் கையை நீட்டிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டு, சுவரோடு தடவிக்கொண்டே கதவைத் தேடுவார். பல்லாவரத்தில் ஒரு மண்டபத்தின் முதலாளி இதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சாரின் கால் ஒரு நாற்காலி அடுக்கில் தட்டியது. அப்படியே நின்று, கட்டை அவிழ்க்காமல் சொன்னார்: “இங்க ஒருத்தர் விழுந்துட்டாரு. அவர் மேல அஞ்சு பேர் விழுந்துட்டாங்க. இனிமே இந்த வழி கிடையாது.” முதலாளி அப்புறம் சிரிக்கவில்லை. நாற்காலிகளை நகர்த்திவிட்டு, சார் மறுபடியும் முதலிலிருந்து நடந்தார்.

காகிதம் எப்படி எரியும் என்பதையும் அவரிடம்தான் பார்த்தேன். ஒரு பழைய பேப்பர் கிடங்கில் தீயை அணைத்துவிட்டு, வண்டியைக் கிளப்பலாம் என்று நாங்கள் குழாயைச் சுருட்டியபோது வேண்டாம் என்றார். ஒரு கட்டைக் கொக்கியால் இழுத்துப் பிளந்து காட்டினார். வெளியே ஊறி வழிந்த கட்டுக்குள்ளே சிவப்பாகக் கங்கு இருந்தது. காகிதக் கட்டு வெளியே அணைந்த மாதிரி நடிக்கும். உள்ளே மெதுவாகத் தின்றுகொண்டிருக்கும். அன்று முழுக்க ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் போட்டோம். அன்றிலிருந்து, அச்சடித்த தாள் நிறைய இருக்கும் எந்த இடத்தில் நுழைந்தாலும் என் கண் முதலில் வெளியே போகிற வழியைத் தேடும்.

நான் நிலைய அலுவலரானபோது சார் மாவட்ட அலுவலராகியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் வாசகர் வட்டத்தின் திருவிழா வந்தது. அதை நடத்தியவர் விக்டோரியா டீச்சர். உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று எல்லாப் பக்கத்திலும் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தவர். பதிப்பகக் கடைகள் ஒரு பக்கம் இருக்க, சொந்தமாகப் புத்தகம் போட்ட உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒரு வரிசை மேஜை போட்டிருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் தன் கவிதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பெண்மணி தன் மாமியாரோடு போட்ட சண்டைகளையே புத்தகமாக்கியிருந்தார். அதற்குத்தான் அங்கே கூட்டம்.

மைதானத்தில் நீளமான பந்தல். மேலே தகரம், அதற்குக் கீழே வெள்ளைத் துணி. கிழக்கே பெரிய வாசல். மேற்குக் கோடியில் மேடை. இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் நாற்காலிகள். மேடைக்குப் பக்கத்தில், தெற்கே, இரண்டாவது வழி ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாகத் திறக்க வைத்தேன். ஒயர்களை எல்லாம் மேலே கட்டச் சொன்னேன். பேட்டரி விளக்குகள் வைக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் செய்தார்கள். திறப்பு நாளன்று காலையில் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தபோது விக்டோரியா டீச்சர் சிரிக்கவில்லை. பின்னாலேயே வந்து, “சார், பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் இரண்டு நாள் மழை. சேறானதால் தரையில் பலகை அடித்து மேலே கம்பளம் விரித்தார்கள். ஒழுகிய இடத்தில் இருந்த ஒயரை அவிழ்த்து, பந்தல்காரர்கள் பலகைக்கு அடியில் விட்டுவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வண்டியோடு மைதானத்துக்குப் போனபோது மழை விட்டிருந்தது. கூட்டம் அலைமோதியது. வாசலை அடைத்துக்கொண்டு பைக்குகள். என் ஆட்களை விட்டு அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மேடையில் எழுத்தாளர் குணவதி கதை சொல்லிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். குள்ளமான அம்மாள். கையில் காகிதம் இல்லை, கம்பியில்லாத மைக்கை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினார். பொங்கலுக்கு முந்தின நாள், பெருங்களத்தூரில் தெற்கே போகிற பஸ்ஸுக்காக ஒரு பெண் காத்திருக்கிறாள். நெரிசலில் அவள் பை யாருடைய பையோடோ மாறிவிடுகிறது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மடியிலிருப்பது தன் பை இல்லை என்று அவளுக்குத் தெரிகிறது. அந்தப் பேருந்து நிறுத்தத்தில் இடிபடாதவர்கள் பந்தலில் யாரும் இல்லை. எல்லோரும் அப்படியே உறைந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம்.

வேகமாக நடக்கக் கூடாது. சீருடையில் இருக்கிறவன் ஓடினால் கூட்டம் ஓடும். புத்தகம் பார்க்கிற மாதிரி தெற்குப் பக்கக் கடைகளை ஒட்டி நடந்தேன். கடைசிக் கடை சாகுல் அண்ணனுடையது. குழந்தைகளுக்கான புத்தகம் விற்கிறவர். தன் கடையில் மழை ஒழுகியதால் அட்டைப் பெட்டிகளை எல்லாம் பக்கத்தில் நகர்த்தி அடுக்கியிருந்தார். அந்தப் பக்கம்தான் என் இரண்டாவது வழி. ஆள் உயரத்துக்கு அடைந்து கிடந்தது. பெட்டிகளுக்குக் கீழே, பலகை இடுக்கிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி ஒன்று மெல்லியதாக எழும்பிக்கொண்டிருந்தது.

குனிந்து பலகையில் கையை வைத்தேன். சூடாக இருந்தது.

ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை என் பின்னாலேயே வந்துவிட்டான். அவன் மூக்குக்கும் எட்டியிருக்கிறது. “இன்னா சார், கீழ பத்திகினு கீதா? மெயின ஆஃப் பண்ட்டா?”

சட்டம் அதுதான். மின்சாரத் தீ என்றால் முதலில் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். நான் பேட்டரி விளக்கைப் பார்த்தேன். இரண்டு நாளாகக் கரண்ட் போய்ப் போய் வந்ததில் அதன் உயிர் போயிருந்தது. தட்டினேன், எரியவில்லை. வெளியே இருட்டிவிட்டது. உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள், நிற்கிறவர்கள், தோளில் குழந்தையை வைத்திருக்கிறவர்கள். ஒரு வழி அடைந்திருக்கிறது. இந்தக் கூட்டத்தை ஒரே நொடியில் இருட்டுக்குள் தள்ளி, கூடவே கருகல் நாற்றத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? கண்ணைக் கட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்தவன் நான்.

“வேணாம். மெயின் கிட்டயே போய் நில்லு. நான் கை தூக்குறப்ப ஆஃப் பண்ணு. அதுக்கு முன்னாடி யார் சொன்னாலும் பண்ணாத.”

“சார், எரியுது சார்!”

“தெரியுது. போ.”

சொல்லிவிட்டேன். கீழே மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, எரிகிறது, அதை ஓட விடு என்று சொல்லியிருக்கிறேன். தண்ணீர் அடிக்க முடியாது. கார்பன்-டை-ஆக்சைடு உருளையோடு ஒரு ஆளைக் கூப்பிட்டு, இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து அடக்கி வைக்கச் சொன்னேன். அடித்தால் அடங்கும், நிறுத்தினால் எழும்பும். அதற்குத் தலைக்கு மேலே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், வெள்ளைத் துணி.

விக்டோரியா டீச்சர் மேடை ஓரத்தில் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

“டீச்சர், பந்தல காலி பண்ணணும். இப்பவே. ஓடாம.”

அவர் முகம் வெளுத்தது. “கர்த்தரே! மைக்ல சொல்லிடட்டுமா சார்? தீன்னு...”

“அந்த வார்த்தை மட்டும் வேணாம். அவங்க நடந்தா கூட்டமும் பின்னாலயே வருமா?” என்று மேடையைக் காட்டினேன்.

டீச்சர் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மேடையேறி, குணவதி அம்மாவிடம் நீட்டி, காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்தார். மூடியைத் திருகி மூடினார். என்னைப் பார்த்தார். நான் முகத்தை ஒன்றும் இல்லாதது போல வைத்துக்கொண்டேன்.

“அந்தப் பைய அவ மெல்லமா திறக்கறா” என்றார் மைக்கில். “திறந்ததும்... இல்ல, இங்க வேணாம். உள்ள புழுக்கமா இருக்கு. பையில என்ன இருந்ததுன்னு நான் வெளிய மைதானத்துல வந்துதான் சொல்லுவேன். வேணுங்கறவங்க என்கூட வாங்க. கொழந்தைங்கள தூக்கிக்குங்க.”

கூட்டம் சிரித்தது. அவர் மேடையை விட்டிறங்கி, நடு வழியில் கிழக்கு வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். வாய் ஓயவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டுச் சத்தம் போடுகிறார், பக்கத்துச் சீட்டுக்காரர் பையை எட்டிப் பார்க்கிறார் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். மைக் கையில், குரல் எல்லா ஒலிபெருக்கியிலும். முதலில் பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து அவருக்கு முன்னால் வெளியே போனார்கள். பிறகு நடுவில் இருந்தவர்கள். நாற்காலிகள் உரசுகிற சத்தம் கேட்டது, கத்தல் இல்லை.

ஆனால் எவ்வளவு மெதுவாக நடந்தார்கள்! நின்று ஒரு புத்தகத்தைப் புரட்டினார் ஒருவர். ஒரு அம்மா செருப்பைத் தேடினார். நான் சிரித்துக்கொண்டே, “போங்க சார், முன்ன போங்கம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண் முழுக்கத் தெற்கு மூலையில் இருந்தது. புகை இப்போது ஊதுபத்தி அளவில் இல்லை.

சாகுல் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டிகளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். “யா அல்லா, நான்தான வழிய அடச்சிட்டேன்” என்றார். “நீங்க வெளிய போங்கண்ணா” என்றேன். போகவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி நடு வழிக்கு எதிர்ப்பக்கம் போட்டார். முன்வரிசையில் ஒரு முதியவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அவரைக் கூட்டத்துக்குள் விட முடியாது. வழி திறந்ததும் சாகுல் அண்ணனும் முதியவரின் மகனும் நாற்காலியை அப்படியே தூக்கி, புகைக்குப் பக்கத்திலேயே, அந்தத் தெற்கு வாசல் வழியாக இறக்கினார்கள். முதியவர், “கத என்னாச்சுப்பா?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

கடைசி ஆள் கிழக்கு வாசலைத் தாண்டியதும் கையைத் தூக்கினேன். ஏழுமலை மெயினை அணைத்தான். எல்லாம் இருண்டது. மைக்கும் செத்தது.

அந்த இருட்டில்தான் தீ முழுதாகத் தெரிந்தது. பலகையைக் கடப்பாரையால் நெம்பியதும் காற்றுப் பட்டு, நெருப்பு என் தலைக்கு மேலே எழுந்து மேல் துணியைப் பிடித்தது. ஒரு பாகம் முழுக்கச் சடசடவென்று எரிந்து கீழே விழுந்தது, சற்று முன்பு முன்வரிசை நாற்காலிகள் நிறைந்திருந்த இடத்தில். என் ஆட்கள் அடுத்த துணியை வெட்டி இறக்கினார்கள். குழாய் வந்துவிட்டது. அடித்தோம். பெட்டிகளையும் பிரித்துப் பிரித்து நனைத்தோம். என் ஆட்களில் ஒரு பையனுக்கு உள்ளங்கையில் கொப்புளம். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

வெளியே தீயைப் பார்த்துக் கூட்டம் அலறியது. சிலர் கேட்டை நோக்கி ஓடினார்கள். அப்போது மைக் இல்லாமல், தொண்டையை உயர்த்தி, அந்தக் குள்ள அம்மாள் கத்துவது கேட்டது: “எல்லாரும் வெளிய வந்தாச்சு! உக்காருங்க! பையில என்ன இருந்ததுன்னு இன்னும் நான் சொல்லல!” ஈரப் புல்லில் உட்கார்ந்தார்கள். சொன்னார். நான் பலகைக்கு அடியில் இருந்தேன். சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

தீ அடங்கின பிறகு அவரிடம் போய் நன்றி சொன்னேன். “பையில என்னம்மா இருந்தது?”

“சுவர்க் கடிகாரம். யாருக்கோ ரிடையர்மென்ட்டுக்குக் குடுத்தது” என்றார். “நடக்க ஆரம்பிச்சப்ப எனக்கே தெரியாது சார். வாசல் வர்றதுக்குள்ள யோசிச்சுடலாம்னு நடந்தேன்.”

மறுநாள் காலை ரங்கநாதன் சார் வந்தார். கருகின இடத்தைச் சுற்றி நடந்தார். ஒயர் இணைப்பைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். ஏழுமலையைக் கூப்பிட்டுப் பேசினார். பிறகு என்னிடம் வந்தார்.

“ஆஃப் பண்ணட்டான்னு அவன் கேட்டானா?”

“கேட்டான் சார்.”

“வேணாம்னு சொன்னியா?”

“சொன்னேன் சார். இருட்டுல நசுங்கிடுவாங்கன்னு...”

“அந்த நேரத்துல துணி பிடிச்சிருந்தா?”

நான் முன்வரிசை இருந்த இடத்தைப் பார்த்தேன்.

“நான் இருந்தா ஆஃப் பண்ணியிருப்பேன், கோதண்டம்” என்றார். கோபம் இல்லை. “டார்ச் எடுத்து, வண்டி லைட்ட உள்ள அடிச்சு, எப்படியாவது சமாளிச்சிருப்பேன். மெமோ வரும். பதில் எழுது.”

அதற்குப் பிறகு எத்தனையோ முறை படுக்கையில் அந்தப் பந்தலை நான் இரண்டு விதமாகவும் காலி செய்து பார்த்திருக்கிறேன். ஒன்றில் துணி முன்னாலேயே பிடித்துவிடும். இன்னொன்றில் இருட்டில் ஒரு குழந்தை விழுந்துவிடும். வண்டி விளக்கை உள்ளே அடித்திருக்கலாம் என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை. போன வாரம் வகுப்பில் ஒரு இளைஞன் கேட்டான்: “அப்ப யார் சார் கரெக்ட்?” தெரியாது என்றேன். அவன் எழுதிக்கொள்ளாமல் என்னையே பார்த்தான்.

தீப் பிடித்த மறுநாளே, மெமோ கைக்கு வந்த அன்று மாலை, திருவிழா மறுபடியும் நடந்தது. பந்தல் இல்லை. வானம் தெளிந்திருந்தது. மைதானத்தில் கயிறு கட்டி வாசல் விட்டு, திறந்த வெளியில் நாற்காலி போட்டிருந்தார்கள். சாகுல் அண்ணன் தார்ப்பாயில் ஈரப் புத்தகங்களைப் பரப்பிக் காயவைத்திருந்தார். பிள்ளைகள் அதைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்து, ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் விறைப்பாக நின்றேன். முந்தின நாளிலிருந்து உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று பயம்.

வேட்டி, அரைக்கைச் சட்டையில் ஒருவர் மனைவியோடு வந்தார். ரங்கநாதன் சார். நான் சல்யூட் அடித்தேன்.

“நான் டூட்டில இல்ல” என்றார். மனைவியை முன்வரிசைக்கு அனுப்பினார். தான் போகாமல் என் பக்கத்திலேயே நின்றார்.

“சாப்டியா?”

“இல்ல சார்.”

“போ. எங்க வீட்டம்மா பக்கத்துல சீட் கீது, போய் உக்காரு. பையில இட்லி வெச்சிருக்காங்க. வாசல்ல நான் நிக்கிறேன்.”

“சார், நீங்க எப்படி...”

“போன்னா போ.”

போனேன். அந்த அம்மா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டார். மேடையில் மாமியார் புத்தகக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வேட்டியில் நின்றவரை விழாத் தொண்டர் என்று நினைத்து, குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் எந்தப் பக்கம் போவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாவட்ட அலுவலர் கையை நீட்டி, பொறுமையாக வழி காட்டிக்கொண்டிருந்தார்.